தோற்றுப்போன வாக்கியம்

காலையில் எழுந்ததும் உமேஷ் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுச் செருப்பை எடுப்பான். அவன் செருப்பு வாசலில் கிடப்பதில்லை. கையில் முதலில் தட்டுப்படுவது வேறொரு செருப்பு. பழுப்பு நிறம், இடது கால் மட்டும். அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போவான். திரும்பி வந்து ஒரு பாத்திரம் தண்ணீரை அடுப்பில் ஏற்றுவான். அது கொதித்துப் புரளும்வரை பக்கத்திலேயே நிற்பான். வேறு எதுவும் செய்ய மாட்டான். ஆறியதும் வடிகட்டி பாட்டிலில் ஊற்றுவான். குளிப்பான். நேற்றைய சட்டையை முகர்ந்து பார்த்து, பரவாயில்லை என்றால் அதையே போட்டுக்கொள்வான். கதவைப் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவான்.

பி.காம். படித்தவன். காக்ஸ் டவுனில் மருந்து மொத்த வியாபாரி ஒருவரிடம் பில் போடும் வேலை. அவன் மனைவி ரக்ஷிதா அந்த வருடம் ஏப்ரலில் வாந்திபேதியில் இறந்துபோனாள். ஜீவனஹள்ளியில் அவர்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் குழாயும் சாக்கடையும் மண்ணுக்கடியில் ஒரே பள்ளத்தில் ஓடின. எங்கோ ஓரிடத்தில் ஒன்றில் இன்னொன்று கலந்தது. விஷயம் இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள யாரும் வாக்களிக்க வேண்டியதில்லை. ஆனால் வாக்களித்தார்கள். உலகமே வாக்களித்தது.

தெருமுனையில் இன்டர்நெட் கடை வைத்திருந்த ஆம்ப்ரோஸ்தான் அவனை அதில் மாட்டிவிட்டது.

"மச்சா, தொம்மலூர்ல ஒரு ஆபீஸ் இருக்குது. உலகத்துல இருக்கறவங்க எல்லாம் ஓட்டுப் போட்டு உலகப் பிரச்சனைய எல்லாம் தீர்க்கறாங்களாம். நம்ம கடையில பாதி கம்ப்யூட்டர் அவங்க குடுத்ததுதான். பைப் மேட்டர அங்க சொல்லிப் பாரேன்."

"நம்ம தெரு பைப்பையா?"

"ஜீவனஹள்ளி என்ன சந்திரன்லயா இருக்குது? அதுவும் உலகம்தானே."

ஏற்கெனவே போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் போய்ச் சொல்லியாயிற்று. வந்தவர்கள் பள்ளத்தை எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆகட்டும் என்று போனார்கள். எனவே ஒரு சனிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு உமேஷ் தொம்மலூருக்குப் போனான்.

புவி மக்கள் நேரடி மன்றம் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருந்தது. தலைமையகம் ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஏரிக்கரையில். அரசாங்கங்கள் உலகத்தைக் காப்பாற்றப் போவதில்லை. ஆகையால் பூமியில் உள்ள அறுநூறு கோடிப் பேரும் நேரடியாக வாக்களித்துத் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதன் கொள்கை. எம்.பி. வேண்டாம், மந்திரி வேண்டாம், நடுவில் யாருமே வேண்டாம். நடுவில் மன்றம் மட்டும் இருந்தது.

உள்ளே ஒரு நீள மேஜை, அதைச் சுற்றி ஆட்கள். ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உமேஷ் அதில் உட்கார்ந்தான்.

"ஹலோ, ஹலோ, அதுல உக்காராதீங்க" என்றாள் ஓர் இளம்பெண். மன்றத்தின் நிகழ்ச்சி அலுவலர். பெயர் அனன்யா.

"யாராவது வராங்களா மேடம்?"

"அது மனிதகுலத்தோட நாற்காலி. இன்னும் ஓட்டுப் போடாதவங்களுக்காக எப்பவும் காலியா வைக்கணும்."

உமேஷ் எழுந்து நின்றான். மனிதகுலத்தின் மேல் அனன்யா தன் கைப்பையை வைத்தாள்.

மேஜையின் தலைமாட்டில் இருந்தவர் மன்றத்தின் தென்னிந்தியத் தலைவர் சீனிவாசராகவன். மாநில அரசாங்கத்தில் பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றவர். பதவியில் இருந்த காலமெல்லாம் அவர் யாரையும் எதையும் கேட்டுச் செய்ததில்லை. ஓய்வு பெற்ற மறுமாதமே, எல்லாரையும் எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்ற ஞானம் அவருக்கு வந்துவிட்டது.

உமேஷ் பேச வாயெடுத்தபோது மழை பிடித்தது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து மேஜைமேல் காகிதங்கள் நனைந்தன. நின்றுகொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். போய் ஜன்னலைச் சாத்தினான்.

"ஆரு சொல்லிச் சாத்தினேள்?" என்று கேட்டார் சீனிவாசராகவன்.

"மழை சார்."

"மழை பெய்யறது, சரி. சாத்தணும்னு ஆரு தீர்மானம் பண்ணினா?"

ஜன்னலை மறுபடி திறந்தார்கள். வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்டது. மழை தன் பக்கம் வராததால் தனக்குக் காற்றுதான் முக்கியம் என்றார் ஓர் உறுப்பினர். அவருக்குப் பேச நேரம் தரப்பட்டது. அவருக்குப் பதில் சொல்ல இன்னொருவருக்கும் தரப்பட்டது. சாத்துவது என்று பெரும்பான்மையில் முடிவானபோது மழை விட்டுவிட்டது. முடிவு முடிவுதான் என்று, பளிச்சென்று அடித்த வெயிலில் ஜன்னலைச் சாத்தினார்கள். அறை புழுங்கியது. அதற்குப் பிறகுதான் உமேஷைப் பேசச் சொன்னார்கள்.

அவன் குழாயைப் பற்றிச் சொன்னான். தெருவில் எத்தனை வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று சொன்னான். ரக்ஷிதாவைப் பற்றி ஒரே வரியில் சொன்னான்.

சீனிவாசராகவன் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "இந்தக் குழாய் எத்தனை கண்டத்துல ஓடறது?" என்றார்.

"ஒரு தெருவுலதான் சார்."

"பாருங்கோ மிஸ்டர் உமேஷ், குறைஞ்சது மூணு கண்டம் வேணும். அப்போதான் அது உலக அச்சுறுத்தல். இல்லேன்னா அது உள்ளூர்த் தொந்தரவு. இங்க அணுகுண்டு இருக்கு, கடல் மட்டம் இருக்கு, விண்கல் இருக்கு. போன சுற்றுல விண்கல்தான் முதலிடம். ஜனங்க தெளிவா இருக்கா."

விண்கல் முதலிடம் வந்ததற்கு, மன்றத்தின் இணையப் பக்கத்தில் அதன் படம்தான் கலரில் இருந்தது என்பது காரணமாக இருக்கலாம். உமேஷ் சுவரைப் பார்த்தான். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கடிதம் தொங்கியது. அணுகுண்டு கூடாது என்று மனிதகுலம் தீர்மானித்ததை அச்சடித்து, தோல் அட்டை போட்டு, குண்டு வைத்திருக்கும் நாடுகளுக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள். ஒரு நாட்டிலிருந்து ஓர் எழுத்தர், 'தங்கள் பார்சல் கிடைத்தது' என்று பதில் போட்டிருந்தார். அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

"தொத்துநோயும் உலக அச்சுறுத்தல்தானே சார்" என்றான் உமேஷ். "இதை அதுல சேர்க்க முடியாதா?"

"தொத்துநோயை ஒழிச்சாச்சே. மார்ச்லயே. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல ஆதரவு."

"என் மனைவி ஏப்ரல்ல சார்."

"அப்போ, தீர்மானத்துக்கு அப்புறம்."

"ஆமா சார்."

"அது கொஞ்சம் சங்கடம்தான்" என்றார் சீனிவாசராகவன். சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனவனைப் பார்ப்பதுபோல உமேஷைப் பார்த்தார்.

அனன்யாதான் காப்பாற்றினாள். "சார், ஹெட் ஆபீஸ்ல ஒரு ஹ்யூமன் ஃபேஸ் கேட்டுக்கிட்டே இருக்காங்களே. வெறும் நம்பரா இருக்கு, யாரும் ஃபீல் பண்ண மாட்டேங்கறாங்கன்னு."

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் உமேஷின் முகத்தைப் பார்த்தார்கள். முகம் அவர்களுக்குத் திருப்தியாக இல்லை.

"நீங்க அழ மாட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள் அனன்யா.

"வரல மேடம்."

"இட்ஸ் ஓகே. உங்க முகம் வேண்டாம். அவங்க போட்டோ இருக்கும்ல?"

கதை உலகத்துக்குப் பிடித்தால் தண்ணீர் அச்சுறுத்தல் பட்டியலில் ஏறும். தண்ணீர் ஏறினால் குழாய் தானாக வந்துவிடும் என்று அவள் விளக்கினாள். உமேஷ் ஒத்துக்கொண்டான். குழாய்க்காகத்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அனன்யா டேப் ரெக்கார்டரோடு ஜீவனஹள்ளிக்கு வந்தாள். உமேஷ் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரை டம்ளரில் கொண்டுவந்து வைத்தான். அவள் நன்றி சொல்லிவிட்டு, பையிலிருந்து கடையில் வாங்கிய பாட்டிலை எடுத்துக் குடித்தாள். கல்யாணம் எப்போது, எங்கே பார்த்துக்கொண்டார்கள், குழந்தை உண்டா என்றெல்லாம் கேட்டாள். அவன் பதில்கள் சின்னதாக இருந்ததால் கேசட் வீணாகிறது என்று அவளுக்குக் கவலை. கடைசியில் எதற்கு வந்தாளோ அதைக் கேட்டாள்.

"அவங்க கடைசியா என்ன சொன்னாங்க?"

இதுவரை யாரும் அவனை இதைக் கேட்டதில்லை. அம்மா கேட்கவில்லை, மாமனார் கேட்கவில்லை. ரக்ஷிதாவிடமிருந்து அவனுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். நகையை அவள் வீட்டில் கேட்டபோது கொடுத்துவிட்டான். புடவைகளைக் கேட்காமலே கொடுத்துவிட்டான். இதைக் கொடுக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, குழாய் வரும் என்று நினைத்துக்கொண்டு சொன்னான்.

"வார்டுக்குள்ள செருப்பு போடக் கூடாதுன்னு சிஸ்டர் வெளிய விடச் சொல்லிட்டாங்க. நான் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தேன். அவ கண்ணத் தொறந்தா. என் காலப் பாத்தா. 'செருப்ப உள்ள எடுத்து வை. நாய் தூக்கிட்டுப் போயிடும்'னு சொன்னா. புதுச் செருப்பு. சிவாஜிநகர்ல அவளே பேரம் பேசி வாங்கிக் குடுத்தது."

டேப் ரெக்கார்டர் டக்கென்று நின்றது.

"கேசட் முடிஞ்சிருச்சு" என்றாள் அனன்யா. "கரெக்டான இடத்துல முடிஞ்சிருக்கு பாருங்க."

"அது கடைசி இல்ல மேடம். நான் வெளிய போயிட்டு வந்தப்புறம் இன்னொண்ணு சொன்னா. அதான் கடைசி."

"பரவால்ல உமேஷ். இதுவே ரொம்ப பவர்ஃபுல். இன்னொண்ணு வந்தா கன்ஃப்யூஸ் ஆயிடும்."

அவள் எழுந்து போன பிறகு அவன் டம்ளர் தண்ணீரைத் தானே குடித்தான்.

அடுத்து நடந்தது மொழிபெயர்ப்பு. செருப்பு என்பதை அனன்யா 'ஃபுட்வேர்' என்று எழுதி ஏரிக்கரைக்கு அனுப்பினாள். அங்கே அதை அவர்கள் மொழியில் போட்டு, பொறுப்பான இன்னொருவர் மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது அது 'ஃபுட்பிரின்ட்' ஆகியிருந்தது. செருப்பு காலடித் தடமாயிற்று. அந்த வருடங்களில் காலடித் தடம் என்றால் சாதாரண விஷயம் இல்லை. பூமியின்மேல் மனிதன் சுமத்தும் பாரம் முழுவதற்கும் நிபுணர்கள் அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ஜீவனஹள்ளியில் ஒரு பெண் சாகும் தறுவாயில் அதை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள் என்றதும் ஏரிக்கரையில் சிலர் கண் கலங்கினார்களாம்.

தொம்மலூரில் தொலைபேசிக் கூட்டம் நடந்தது. உமேஷையும் கூப்பிட்டிருந்தார்கள். மேஜை நடுவில் ஸ்பீக்கர் போன். அதிலிருந்து ஒரு பேராசிரியரின் குரல் ரொம்ப நேரம் பேசியது. அனன்யா அவ்வப்போது தமிழில் சொன்னாள்.

"உங்க மனைவி என்விரான்மென்ட் படிச்சவங்களான்னு கேக்கறார்."

"டைப்பிங் லோயர் பாஸ் மேடம்."

"அப்போ இது உள்ளுணர்வுங்கறார்."

"மேடம், அது செருப்பு. காலுக்குப் போடற செருப்பு."

அனன்யா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். பேராசிரியர் சிரித்தார். கணவர்கள் மனைவிமார் சொல்வதைக் குறுக்கித்தான் புரிந்துகொள்கிறார்கள் என்றார். கூட்டத்தில் இருந்த பெண் உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

பிறகு வேறொரு நாட்டிலிருந்து ஒரு குரல் நாயைப் பற்றிக் கேட்டது. தெருநாய்களை அச்சுறுத்தலாகச் சித்திரிப்பதை அந்த நாட்டுக் குழு ஏற்றுக்கொள்ளாது. நாய் எடுத்துக்கொண்டு போகும் என்பதற்கு ஆதாரம் உண்டா? நாயின் தரப்பு கேட்கப்பட்டதா? நாய் வாக்கியத்திலிருந்து நீக்கப்பட்டது. நாய் போனதும் தூக்கிக்கொண்டு போவது யார் என்ற கேள்வி வந்தது. காலம் என்றார் ஒருவர். பெருமுதலாளிகள் என்றார் ஒருவர்.

கடைசியில் சீனிவாசராகவன் எழுந்து நின்று பேசினார். தொலைபேசிக்கு முன்னால் எழுந்து நின்று பேசும் ஆள் அவர்.

"ஒரு சாமானியப் பெண்ணோட கடைசி வார்த்தை ஒரு வீட்டுக்குச் சொந்தமில்லை. அது மனிதகுலத்தோட சொத்து. சொத்தை என்ன பண்றதுன்னு உரிமையாளர்கள்தான் முடிவு பண்ணணும். அவ என்ன சொன்னாங்கறதை நாம ஆரு தீர்மானிக்க? நான் ஆரு? மிஸ்டர் உமேஷ் ஆரு? அறுநூறு கோடிப் பேர் இருக்கா. அவா சொல்லட்டும்."

கைதட்டினார்கள். ஸ்பீக்கர் போனும் கைதட்டியது.

வாக்குச்சீட்டில் அ முதல் ஈ வரை நான்கு வாக்கியங்கள் ஏறின. 'அ' காலடித் தடத்தை உள்ளே எடுப்பதைப் பற்றி. 'ஆ' என்பது, 'உலகமே, இனியும் தாமதிக்காதே.' 'இ' ஒரு கேள்வி: 'இதற்கு யார் பொறுப்பு?' 'ஈ' என்றால் கருத்து இல்லை.

"சார், அவ சொன்னதே இதுல இல்லையே" என்றான் உமேஷ்.

"புதுசா ஒண்ணைச் சேர்க்கணும்னா ஏழு நாட்டுலேர்ந்து ஆதரவுக் கையெழுத்து வேணும்."

"அந்த வார்டுல நான் மட்டும்தான் சார் இருந்தேன்."

"ஒத்துக்கறேன். அதுக்காக உங்களுக்கு ரெண்டு ஓட்டுத் தர முடியுமோ? அங்க இருந்தவாளுக்கும் ஒரு ஓட்டு, இல்லாதவாளுக்கும் ஒரு ஓட்டு. அதுதானே இதோட அழகு." அவர் குரல் இளகியது. "உங்க துக்கம் எனக்குப் புரியறது. ஆனா துக்கம் ஒரு தகுதி ஆயிடக் கூடாது, பாருங்கோ. அப்புறம் துக்கப்படறவா மட்டும் உலகத்தை ஆள ஆரம்பிச்சுடுவா."

அனன்யாவுக்கு மனம் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் செருப்பு வாக்கியத்தை 'உ' என்று அடியில் சேர்த்துவிட்டாள். பக்கத்தை முழுக்க இறக்கினால்தான் தெரியும். நாய் இருந்தது. செருப்புக்குப் பிறகு ரக்ஷிதா சொன்ன இன்னொன்றைச் சேர்க்க உமேஷ் கேட்கவில்லை. அனன்யாவும் மறந்துவிட்டாள்.

வாக்குப்பதிவு ஆம்ப்ரோஸின் கடையிலும் நடந்தது. வாக்களித்தவர்களுக்கு ஒரு டீ-ஷர்ட், ஒரு தேங்காய் பன். டீ-ஷர்ட்டில் ரக்ஷிதாவின் படம் இருந்தது. கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது. தோளில் உமேஷின் கை மட்டும் மிச்சம் இருந்தது. நிறத்தை வெளுப்பாக்கி, கண்ணுக்குக் கீழே கொஞ்சம் சோகம் சேர்த்திருந்தார்கள்.

மூன்றாவது வீட்டு எல்லம்மா பன்னைக் கடித்துக்கொண்டே உமேஷைத் தேடி வந்தாள்.

"ஏனப்பா, உன் பொண்டாட்டி என்னா சொன்னான்னு நான் எதுக்கு ஓட்டுப் போடணும்? உன்னக் கேட்டா ஆகாதா?"

"எனக்கும் ஒரு ஓட்டுதான்க்கா."

"அவ என் கையில கோலப்பொடி வாங்கிட்டுப் போவா. மூஞ்சி இப்படியா இருந்தா? மைதாமாவு பூசின மாதிரி பண்ணி வச்சிருக்கானுங்க." அவள் டீ-ஷர்ட்டை விரித்துப் பார்த்து மடித்துக்கொண்டாள். "தண்ணி இன்னிக்கும் மோரி வாசம் அடிக்குது. அதுக்கு ஓட்டு எங்க போடறது?"

சாக்கடைக்கு அங்கே மோரி என்றுதான் பெயர். மோரிக்கு ஓட்டு கிடையாது என்று உமேஷ் சொன்னான். எல்லம்மா, வேண்டாமப்பா என்பதைக் கன்னடத்தில் "பேடப்பா" என்று சொல்லிக் கையை உதறிவிட்டு வரிசையில் போய் நின்றாள்.

உமேஷ் தன் முறை வந்ததும் பக்கத்தைக் கடைசிவரை இறக்கி 'உ'வை அழுத்தினான். மின்சாரம் போய்விட்டது. வந்ததும் மறுபடி அழுத்தினான். 'உங்கள் குரல் கேட்கப்பட்டது' என்று திரையில் வந்தது.

முடிவு டிசம்பரில் வந்தது. 'ஆ' அமோகமாக ஜெயித்தது. 'அ' இரண்டாவது. 'கருத்து இல்லை' மூன்றாவது. சீனிவாசராகவன் உமேஷைக் கூப்பிட்டு லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார். திருமதி ரக்ஷிதா உமேஷ் கடைசியாகச் சொன்னது 'உலகமே, இனியும் தாமதிக்காதே' என்பதே என்று மனிதகுலம் தீர்மானித்திருப்பதாக அதில் இருந்தது.

"வாழ்த்துகள்" என்றார்.

"செருப்புக்கு எவ்வளவு சார்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். "ரெண்டு ஓட்டு. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு ஆர்னு தெரியலை."

யார் என்று ஆம்ப்ரோஸ் சொன்னான். "எல்லம்மாக்கா, மச்சா. படிக்கத் தெரியாதில்ல. எல்லாத்துக்கும் அடியில எது இருக்குதோ அத அமுத்துடான்னாங்க. அடியில கெடக்கறதுதான் நம்மளதா இருக்கும்னாங்க."

"பைப் என்னாச்சு சார்?" என்று உமேஷ் சீனிவாசராகவனிடம் கேட்டிருந்தான். தண்ணீர் அடுத்த சுற்றுப் பட்டியலில் பரிசீலனைக்கு வரக்கூடும் என்றார் அவர். அதற்கு முன் பட்டியல் வேண்டுமா என்று ஒரு வாக்கெடுப்பு இருந்தது. இப்போதைக்கு, ஜெயித்த வாக்கியத்தைக் கருங்கல்லில் வெட்டி ஜீவனஹள்ளியிலேயே நடப் போகிறார்கள்.

கல் நட இடம் பார்த்தார்கள். தெருமுனையில் சாக்கடை திரும்பும் இடம் எல்லார் கண்ணிலும் படும் என்று முடிவாயிற்று. குழி தோண்ட ஆள் வந்தது. கல் பெரியது, குழி ஆழமாக வேண்டியிருந்தது. கடப்பாரை கொஞ்ச தூரம் மண்ணில் இறங்கி, பிறகு மண்ணில்லாத ஒன்றில் இறங்கியது. குழியில் தண்ணீர் ஊறியது. முதலில் நல்ல தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்து மற்றது. இதுவரை மண்ணுக்கடியில் மறைவாக நடந்துகொண்டிருந்தது இப்போது வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்க நடந்தது. சிமெண்டைக் கொட்டி, கல்லை நிமிர்த்தி, மேலே சிவப்புத் துணியைப் போர்த்திவிட்டுப் போனார்கள்.

திறப்பு விழா ஒரு ஞாயிறு காலை. குளிர் இருந்தது. ஷாமியானா போட்டு, சாக்கடைமேல் பலகை அடித்து, பலகைமேல் பச்சைக் கம்பளம் விரித்திருந்தார்கள். மேடையில் ஒவ்வொரு நாற்காலி முன்னாலும் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில். மனிதகுலத்தின் நாற்காலிக்கு முன்னாலும் ஒன்று.

உமேஷ் வழக்கம்போல எழுந்து, செருப்பைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து, பக்கத்தில் நின்று, பிறகு வந்திருந்தான். சீனிவாசராகவன் காரிலிருந்து இறங்கியதும் அவரிடம் போனான்.

"சார், குழி தோண்டினப்ப பைப் ஒடைஞ்சிருச்சு. மூணு வீட்டுல வாந்தி எடுக்கறாங்க. எல்லம்மாக்கா பேத்திய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு."

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம்."

"நம்ம ஆளுங்கதான் சார் ஒடைச்சது."

"ஒடைச்சது நாமதான். ஆனா குழாய் நம்ம வரம்புல இல்லையே. நாளைக்கு நாமளே சரி பண்ணிட்டோம்னு வைங்கோ, ஆரைக் கேட்டுப் பண்ணினோம்னு ஒரு கேள்வி வரும். ஜனங்களைக் கேக்காம ஜனங்களுக்கு நல்லது பண்றது இருக்கு பாருங்கோ, அதுதான் சர்வாதிகாரத்தோட முதல் படி."

மேடைக்குக் கீழே குத்துவிளக்கு இருந்தது. விளக்கேற்றச் செருப்பைக் கழற்ற வேண்டும். சீனிவாசராகவன் ஷாமியானாவின் ஓரத்தில் செருப்பை விட்டார். நல்ல தோல் செருப்பு. கறுப்பு, புதிது. ஒரு செம்பட்டை நாய் அந்தப் பக்கம் படுத்திருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது.

உமேஷ் நாயைப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான். அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"சார், செருப்ப உள்ள எடுத்து வச்சிருங்க. நாய் தூக்கிட்டுப் போயிடும்."

சீனிவாசராகவன் நின்றார். அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அவன் தோளில் கை வைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"மிஸ்டர் உமேஷ், அது தோத்துப்போன வாக்கியம். அதை விட்டுட்டு மேல வாங்கோ."

விளக்கு ஏற்றப்பட்டது. இன்னும் வாக்களிக்காத மனிதகுலத்துக்காக எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். அனன்யா துணியை விலக்கினாள். 'உலகமே, இனியும் தாமதிக்காதே' என்று தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அடியில் ரக்ஷிதாவின் பெயர். கல்லின் காலடியில் கம்பளம் ஈரமாகிக்கொண்டு வந்தது. சீனிவாசராகவன் பேசினார். ஜீவனஹள்ளி இன்று உலக வரைபடத்தில் ஏறிவிட்டது என்றார். இந்தத் தெருவின் நாற்றம் ஏரிக்கரை வரை எட்டியிருக்கிறது, அது சாதாரணச் சாதனை அல்ல என்றார். ஒரு பெண் பேசினாள், உலகம் அவளைத் திருத்தியது, திருத்தப்பட்ட பிறகு அவள் முன்பைவிட உண்மையாகிவிட்டாள் என்றார். முன்வரிசையில் டீ-ஷர்ட் போட்டவர்கள் கைதட்டினார்கள். எல்லம்மா வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

பேச்சு முடிந்து சீனிவாசராகவன் கீழே இறங்கி ஷாமியானா ஓரத்துக்குப் போனார். ஒரு செருப்பு இருந்தது. இன்னொன்று இல்லை. கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தார். அனன்யா குனிந்து பார்த்தாள். ஆம்ப்ரோஸ் நாலு திசையிலும் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான். செம்பட்டை நாய் படுத்திருந்த இடம் காலியாக இருந்தது.

"நீங்க பார்த்தேளா மிஸ்டர் உமேஷ்?"

ஒரு கால் சாக்கடை ஈரத்தில் ஊன்றியிருக்க, மற்றதை அதன்மேல் வைத்துக்கொண்டு, கையில் ஒற்றைச் செருப்போடு உலகத்தின் தென்னிந்தியத் தலைவர் அவன் முன்னால் நின்றார்.

உமேஷ் அந்தச் செருப்பைப் பார்த்தான்.

அன்றைக்கு அவனும் இப்படித்தான் நின்றான். அவள் சொன்னதும் எழுந்து வெளியே போனான். வாசலில் இடது கால் செருப்பு மட்டும் கிடந்தது. வராந்தா முனைவரை போய்ப் பார்த்தான். நாயைக் காணோம். அந்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வார்டுக்குள் திரும்பி வந்தான். சிஸ்டர் திட்டினாள். கட்டில் பக்கத்தில் வந்து, என்ன சொல்வது என்று தெரியாமல் அதை அவளிடம் தூக்கிக் காட்டினான். ரக்ஷிதா செருப்பைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். உதட்டின் ஓர் ஓரம் மெல்ல மேலே போனது.

"நான் அப்பவே சொன்னேன்ல."